முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோமா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான். வேலைக்காக மதுரைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. திருநகரிலிருந்து கே.புதூருக்குத் தினமும் ஒரு 125 சிசி வண்டியில் போய்வருகிறார். 2016 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன வாரம் தல்லாகுளத்தில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. இவர் கால் பிரேக்கை ஏறி மிதித்தார். பின்சக்கரம் இழுத்துக்கொண்டே போய், வண்டி சாய்ந்து, முழங்கையும் முட்டியும் ரோட்டில் தேய்ந்தன. ஆட்டோக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், ஆளை ஏற்றினார், போய்விட்டார். முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய் என்று நண்பர்கள் சொல்லியிருப்பதால் இவர் அதைத் தொடுவதே இல்லையாம். இப்போது ஷேர் ஆட்டோவைப் பார்த்தாலே ஒன்று கை நடுங்குகிறது, இல்லையென்றால் கோபம் தலைக்கேறுகிறது. முன் பிரேக் பிடிக்கலாமா, இந்தக் கோபத்தை என்ன செய்வது, தல்லாகுளத்துக்குப் போகிற அந்தக் கோரிப்பாளையம் வழியையே விட்டுவிடலாமா என்று மூன்று கேட்டிருக்கிறார். எனக்கு மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது: முன்னால் போகிறவன் என்ன செய்தாலும் நான் விழாமல் நிற்க முடியுமா? பெரும்பாலும் முடியும் தம்பி. எப்போதும் முடியும் என்று சொன்னால் பொய்.

நான் பழங்காநத்தம் பக்கம் 23 வருடமாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் இல்லை, ரேஸ் டிராக் பக்கம் போனதும் இல்லை. பெரிய சிசி வண்டி வைத்திருப்பவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்குள்ளே 30, 40-ல் ஓடுகிற 100, 125, 150 சிசி வண்டிகளைப் பற்றித்தான் நான் தைரியமாகப் பேச முடியும். விழுந்த வண்டிகள் என்னிடம் வரும். ஹேண்டில் வளைந்து, ஃபுட்ரெஸ்ட் மடங்கி, இண்டிகேட்டர் ஒயரில் தொங்கிக்கொண்டு வரும். கழற்றிக்கொண்டே "எப்படிண்ணே விழுந்தீங்க" என்று கேட்பேன். இந்தப் பதிலில் பாதி அப்படிக் கேட்டுச் சேர்த்தது.

ஒரு விஷயம் சொல்கிறேன். 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் சூ மூன்றாவதோ நான்காவதோ ஜோடியாக இருக்கும். அதே வண்டியின் முன்பக்கம் பார்த்தால் டிஸ்க் பேட் கம்பெனியில் போட்டது அப்படியே உட்கார்ந்திருக்கும், பாதிகூடத் தேய்ந்திருக்காது. சில வண்டிகளில் முன் பிரேக் லிவரின் முள்ளில் துருவேறி, கையால் அழுத்தினால் கிறீச் என்று முனகும். பிடித்தே பழக்கமில்லை என்று அர்த்தம். நியாயமாகப் பார்த்தால் இது தலைகீழாக இருக்க வேண்டும். உங்கள் வண்டியைக் கழற்றிப் பார்க்காமலே சொல்கிறேன், அதுவும் இப்படித்தான் இருக்கும்.

காரணம் எளிது. ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது வண்டியின் எடையும் உங்கள் எடையும் முன்னால் சாயும். பஸ் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் எல்லாம் டிரைவர் பக்கம் சரிவார்களே, அதேதான். அந்த நேரத்தில் முன்டயர் தரையோடு அழுந்துகிறது, பின்டயர் மேலே இலேசாகிறது. அழுந்திய டயருக்குத்தான் பிடிப்பு உண்டு. காய்ந்த தார் ரோட்டில் வண்டியை நிறுத்தும் வேலையில் சுமார் 70 சதவீதம் முன்சக்கரத்துடையது என்று பொதுவாகச் சொல்வார்கள். வண்டிக்கு வண்டி, பின்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும், ஆனால் முன்னதுதான் பெரியது என்பதில் சந்தேகமே இல்லை. நீங்கள் செய்தது, இலேசாகிப்போன பின்சக்கரத்தை முழு பலத்தோடு மிதித்தது. அது சுழல்வதை நிறுத்தி லாக் ஆகிவிட்டது. லாக் ஆன டயர் உருளாது, சறுக்கும். சறுக்குகிற டயருக்கு எந்தப் பக்கம் போகிறோம் என்ற கவலை இல்லை, பின்பகுதி தன் இஷ்டத்துக்கு ஒதுங்கும். கால் பிரேக்கை மட்டும் வைத்து நிறுத்தினால் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் ஓடித்தான் வண்டி நிற்கும்.

அப்படியென்றால் முன் பிரேக்கைத் தொடாதே என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா? சும்மா இல்லை. முன் பிரேக்கால் விழுகிறவர்களையும் நான் பார்க்கிறேன். அவர்கள் விழுவது மூன்று நான்கு இடங்களில்தான். ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே பிடிப்பவர்: யூ-டர்ன் போடும்போது எதிரே வண்டி வந்ததும் வெடுக்கென்று முன் பிரேக்கைப் பிடித்தால், பத்து கிலோமீட்டர் வேகத்தில்கூட வண்டி ஒரு பக்கமாகப் பொத்தென்று படுத்துவிடும். மணலில் பிடிப்பவர்: லாரி சிந்திய எம்-சாண்ட், பாலம் ஏறும் இடத்தில் ஓரமாகச் சேர்ந்த மண். மழையில் ஜீப்ரா கோட்டின் வெள்ளை பெயின்ட் மேலும் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி மேலும் பிடிப்பவர். அப்புறம், நம்ம பக்கத்துக்கே உரியது ஒன்று: தை, மாசியில் செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் போனால் கொள்ளுச் செடியையும் சோளக் கதிரையும் ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டிகள் ஏறி அடித்துக் கொடுக்கட்டும் என்று. அதன் மேல் பிரேக் என்பதையே மறந்துவிட வேண்டும். முந்தியே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை ஏற்றாமல் இறக்காமல் உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாதி ரோடு மண்ணும் கப்பியுமாகத்தானே கிடந்தது. அப்போது ஓட்டிப் பழகியவர்கள் முன் பிரேக்கைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் நியாயம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ரோடு மாறிவிட்டது, புத்திமதி மட்டும் மாறவில்லை.

எப்படிப் பிடிப்பது என்பதற்கு வருகிறேன். நான் கருமாத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, வீட்டில் மாடு இருந்தது. பால் கறக்கும்போது காம்பை வெடுக்கென்று இழுத்தால் மாடு உதைக்கும். மேல் விரலில் ஆரம்பித்து, விரல் விரலாக இறுக்கிக்கொண்டே வர வேண்டும். முன் பிரேக்கும் அப்படித்தான். முதலில் இலேசாக அழுத்துங்கள். முன்சக்கரத்தைத் தாங்குகிற போர்க் கொஞ்சம் இறங்குவது கையில் தெரியும். எடை முன்னால் வந்துவிட்டது, டயர் தரையைக் கவ்விவிட்டது என்று அது சொல்கிறது. அதற்கப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது அரை நொடிகூட இல்லை. ஆனால் அந்த அரை நொடியைக் கொடுக்காமல் ஒரேயடியாக அள்ளிப் பிடித்தால், எடை முன்னால் வருவதற்குள் முன்சக்கரம் லாக் ஆகிவிடும். உங்கள் நண்பர்கள் பயமுறுத்தியது இதைத்தான். கால் பிரேக்கைக் கூடவே மிதமாக அழுத்துங்கள், ஏறி மிதிக்காதீர்கள். வேகம் குறையக் குறையக் காலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள்.

கிளட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் என்று நினைத்ததுமே இடது கை கிளட்ச்சைப் பிடித்துவிடும். பிடித்ததும் என்ஜின் இழுத்துப் பிடிப்பது போய்விடும், வண்டி சும்மா உருளும். சாதாரணமாக நிறுத்தும்போது ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கைப் பிடித்து, வண்டி நின்று ஆஃப் ஆகப் போகிறது என்ற இடத்தில் கிளட்ச்சைப் பிடித்தால் போதும். உயிர் போகிற அவசரத்தில் மூன்றையும் ஒன்றாகப் பிடித்தாலும் தப்பில்லை. அங்கே யோசிக்க நேரம் இருக்காது.

யோசிக்க நேரம் இருக்காது என்பதால்தான் பழக வேண்டும். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பிளாட் போட்டு ரோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள், வீடு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அப்படி ஒரு தெருவுக்குப் போங்கள். ரோட்டில் மண் இல்லையா என்று நடந்து பாருங்கள். ஹெல்மெட் மாட்டி வார் போட்டு, நேராக 20-ல் வந்து, முன் பிரேக்கை மட்டும் மேலே சொன்ன மாதிரி பிடித்து நிறுத்துங்கள். பத்துத் தடவை. அப்புறம் 30-ல் பத்துத் தடவை. அப்புறம் இரண்டும் சேர்த்து. ஒரு செங்கல்லை ஓரமாக வைத்து அது வந்ததும் பிடிக்க ஆரம்பியுங்கள், எங்கே நிற்கிறது என்று காலால் கோடு போடுங்கள். கடைசிக் கோடு முதல் கோட்டைவிடக் கிட்டத்தில் இருக்கும். என் தங்கை மகனுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். முதல் மூன்று தடவை லிவரில் விரலை வைத்துக்கொண்டு பிடிக்காமலே செங்கல்லைத் தாண்டிப் போய்விட்டான், அவ்வளவு பயம். ஒன்பதாவது தடவையில், "என்ன மாமா, வண்டி நட்டு வச்ச மாதிரி நிக்கிது!" என்று சிரித்தான்.

பழகும்போதோ ரோட்டிலோ பின்சக்கரம் சறுக்க ஆரம்பித்தால் காலின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அது மறுபடி உருள ஆரம்பிக்கும். கண் மட்டும் கீழே போகக் கூடாது. போக வேண்டிய பக்கம் பாருங்கள். மோதப்போகிற பொருளையே பார்த்தால் வண்டி அதை நோக்கியே போகும், இது ஓட்டுகிற எல்லோருக்கும் நடப்பது. முன்சக்கரம் சறுக்கினால் உடனே விட்டுவிட்டு மறுபடி மெதுவாகப் பிடிக்க வேண்டும். சொல்ல எளிது, செய்வது கஷ்டம், அதை நானே ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான், சக்கரம் லாக் ஆகப் போனால் தானே விட்டு விட்டுப் பிடிக்கிற ஏ.பி.எஸ். வந்தது. 2019 ஏப்ரல் 1-லிருந்து விற்கும் வண்டிகளில் 125 சிசி-க்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயமானது. 125 வரை உள்ளவற்றில், ஏ.பி.எஸ். இல்லாவிட்டால் கால் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கிற சி.பி.எஸ். கட்டாயமானது. உங்கள் 2016 வண்டியில் அநேகமாக இரண்டும் இருக்காது. நாளைக்கு ஏ.பி.எஸ். வண்டி வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அவசரமாகப் பிடிக்கும்போது லிவர் கையில் டடடட என்று அடிக்கும், பயந்து விட்டுவிடக் கூடாது. புதுசில் ஒருவர் என்னிடம் வந்து, "பிரேக்கில என்னமோ பல்லு ஒடஞ்ச மாதிரி அடிக்குதுண்ணே, பாருங்க" என்றார். ஒன்றும் உடையவில்லை, அதுதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது.

இவ்வளவும் சொன்னாலும், நீங்கள் விழுந்ததற்குப் பாதிக் காரணம்தான் பிரேக் பிடித்த விதம். மீதி இடைவெளி. இதை மீட்டரில் சொன்னால் மண்டையில் ஏறாது, டவுன் பஸ் கணக்கில் சொல்கிறேன். ஒரு டவுன் பஸ் சுமார் 11 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40-ல் போகிறவன் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறான். ஆபத்தைக் கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒரு நொடி ஆகும், அதில் ஒரு பஸ் நீளம் போய்விட்டது. அப்புறம் காய்ந்த ரோட்டில், நல்ல டயரோடு, இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் நிற்க இன்னொரு பஸ் நீளம். ஆக மொத்தம் இரண்டு. 60-ல் போனால் பார்ப்பதற்கு ஒன்றரை, நிற்க இரண்டுக்கு மேல், கிட்டத்தட்ட மூன்றரை பஸ். ரிங் ரோட்டில் 80-ல் போகிறவனுக்கு ஆறு பஸ் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்ததிலிருந்து நிற்கும் வரை ஓடுகிற தூரம் மட்டும் நான்கு மடங்காகும். மழை, மொட்டை டயர், பின்னால் ஆள் என்று எது சேர்ந்தாலும் இன்னும் நீளும். இவையெல்லாம் தோராயம், ஆனால் குறைத்துச் சொன்ன தோராயம்.

தல்லாகுளத்தில் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் இரண்டு பஸ் இடைவெளி விட்டால் அதற்குள் நாலு பைக் நுழைந்துவிடும் என்பீர்கள். வாஸ்தவம், நுழையும். அதனால் நான் செய்வது இது: ஷேர் ஆட்டோவுக்கு நேர் பின்னால் போகவே மாட்டேன். அதன் வலது பின்சக்கரத்துக்கும் வெளியே, கொஞ்சம் ஒதுங்கி, டிரைவர் கண்ணாடியில் என் முகம் தெரிகிற கோட்டில் போவேன். வேகத்தை 30-க்கு இறக்கி, வலது கையின் இரண்டு விரல் பிரேக் லிவர் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், கால் பிரேக் மேல் தொட்டும் தொடாமலும் இருக்கும். அந்த இரண்டு விரல் ஏற்கெனவே அங்கே இருந்தால் ஒரு நொடியில் பாதி மிச்சம். வெகுநேரம் அப்படி ஓட்டினால் மணிக்கட்டு வலிக்கும், அதனால் எல்லா இடத்திலும் வேண்டாம். சிம்மக்கல், யானைக்கல், கோரிப்பாளையம் மாதிரி இடத்தில் மட்டும்.

அப்புறம், ஷேர் ஆட்டோவின் பிரேக் லைட்டை நம்பாதீர்கள், எரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ரோட்டோரம் நிற்கிற ஆளின் கையை நம்புங்கள். ஒரு அம்மா கட்டைப்பையைக் கீழேயிருந்து தூக்கி இடுப்பில் வைக்கிறார் என்றால் ஆட்டோ அங்கே நிற்கப் போகிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் ஓரத்துக்கு நகர்ந்து சட்டைப்பைக்குள் சில்லறை துழாவுகிறார் என்றால் அவர் இறங்கப் போகிறார். டிரைவரின் தலை இடது பக்கம் சாய்ந்து ஆள் தேடுகிறது என்றால் அவருடைய கண் உங்களிடம் இல்லை. இது மூன்றும் பிரேக் லைட்டுக்கு இரண்டு மூன்று நொடி முந்தியே தெரிந்துவிடும். ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸின் முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருந்தால் அது கிளம்புகிறது, ஹாரன் அடித்து நுழையாதீர்கள், விட்டுவிடுங்கள். ஓரமாக நின்ற காருக்குள் தலை தெரிந்தால் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொண்டு ஒரு கதவு தூரம் தள்ளிப் போங்கள். ஒரு ஆடு ரோட்டைத் தாண்டினால் மற்றதும் பின்னாலேயே வரும், நாய் பாதி வந்து திரும்பும், மாடு பெரும்பாலும் போன திசையிலேயே போகும், அதன் வாலுக்குப் பின்னால் புகுந்து போகலாம். மனிதர்கள்தான் கொஞ்சம் கணக்குக்கு அடங்க மாட்டார்கள்.

பிரேக் பிடிப்பதற்கு முன்னால் கண்ணாடியில் பின்னால் வருவது யார் என்று தெரிந்திருக்க வேண்டும். இடது கண்ணாடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்! பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டே வந்தால், கால் பிரேக்கை இரண்டு தடவை இலேசாகத் தட்டி லைட்டைக் காட்டுங்கள். அப்படியும் விலகாவிட்டால் ஓரம் ஒதுங்கி அவனை முன்னால் போகவிடுங்கள். முட்டாளை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பதைவிடக் கண் முன்னால் வைத்திருப்பது நல்லது.

கோபத்துக்கு வருகிறேன். இதில் நான் படித்தவன் இல்லை, பட்டவன். பத்துப் பன்னிரண்டு வருடம் முந்தி, பட்டறையைப் பூட்டிவிட்டு பசுமலை வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் என் வீட்டம்மா. ஒரு வெள்ளை வேன் வலது பக்கமிருந்து வந்து, என் முன்சக்கரத்தை உரசுகிற மாதிரி கட் அடித்து இடது பக்கம் போனது. நிறுத்திவிட்டேன், விழவில்லை. ஆனால் விடவும் இல்லை. மூலக்கரை தாண்டித் திருப்பரங்குன்றம் வரைக்கும் துரத்தினேன். இடையில் இரண்டு இடத்தில் அந்த வேனைவிட மோசமாக நானே கட் அடித்தேன், ஒரு சைக்கிள்காரர் என்னைப் பார்த்துக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. வீட்டம்மா சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார், வாயே திறக்கவில்லை. வேன் ஒரு கடைமுன் நின்றது. பக்கத்தில் போய் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "அடடே, அண்ணே! தம்பி வண்டி ரெடியாயிருச்சா? நாளைக்கு வந்து எடுத்துக்கிறட்டா?" என்றார். வாடிக்கையாளர். அவருடைய தம்பியின் வண்டி அப்போது என் பட்டறையில்தான் நின்றது. "ஆயிருச்சுண்ணே, காலையில வாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன சொல்ல?

அவர் என்னைப் பார்க்கவே இல்லை என்பதுதான் விஷயம். நாலு கிலோமீட்டருக்கு நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அவர் யாரோடும் சண்டையில் இல்லை. ரோட்டில் நம்மைக் கட் அடிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் என்று நினைக்கிறேன். அளந்து பார்த்த கணக்கு இல்லை, என் அபிப்பிராயம். உங்கள் ஆட்டோக்காரருக்கும் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது கை நீட்டிய ஆள் மட்டும்தான். அது அவர் செய்ததைச் சரியாக்கிவிடாது. இண்டிகேட்டர் போடாமல், ஓரம் கட்டாமல், நடு ரோட்டில் நிறுத்தியது தப்பு, தப்புதான். விழுந்த ஆளைத் தூக்கிவிடாமல் போனது அதைவிடத் தப்பு. ஆனால் உங்களை அவமானப்படுத்த அவர் நிறுத்தவில்லை. இது மண்டையில் இறங்கினால் கோபத்தில் பாதி வடிந்துவிடும்.

வடியாத மீதியை உடம்பில்தான் பிடிக்க வேண்டும். கோபம் வந்தால் முதலில் தாடை இறுகும், அப்புறம் தோள் காதுக்கு ஏறும், அப்புறம் கைப்பிடி இறுகும். கை இறுகினால் ஆக்சிலேட்டர் வெட்டி வெட்டி வரும், பிரேக்கை விரல் விரலாக இறுக்க முடியாது, அள்ளித்தான் பிடிக்கும். பார்வையும் சுருங்கி அந்த ஒரு வண்டி மேலேயே ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் கட்டைப்பை தூக்குகிற அம்மா கண்ணில் படவே மாட்டார். ஆகவே பிரேக்கும் கோபமும் தனித்தனி சமாச்சாரம் இல்லை. எனக்கு உதவுகிற வழி ஒன்றே ஒன்று: யாராவது கட் அடித்ததும் ஆக்சிலேட்டரை விட்டு, மூச்சை வாய் வழியாக நீளமாக வெளியே விட்டு, இரண்டு முழங்கையையும் கோழி இறக்கையை அசைப்பது மாதிரி ஒரு தடவை அசைத்துக்கொள்வேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். முழங்கை தளர்ந்தால் கை தளரும். அதற்கும் அடங்காவிட்டால் ஓரம் கட்டி ஒரு டீ. பதினைந்து நிமிடம் முந்தியே கிளம்பினால்தான் அந்த டீக்கு நேரம் இருக்கும். என்னைக் கேட்டால் ரோட்டுக் கோபத்தில் பெரும்பகுதி லேட்டாகக் கிளம்பிய கோபம்தான்.

வேண்டுமென்றே வம்புக்கு வருகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து ஆக்சிலேட்டரை முறுக்குவது, வழி மறிப்பது, கையை நீட்டிப் பேசுவது. அவர்களிடம் ஹாரன் வேண்டாம், முறைப்பு வேண்டாம், ஓட்டிக்கொண்டே பதில் பேசுவது வேண்டவே வேண்டாம். வேகத்தைக் குறைத்து ஆள் நடமாட்டம் உள்ள கடைப்பக்கம் நின்றுவிடுங்கள். நம்பரை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். விடாமல் வந்தால் 100-க்கு போன் பண்ணுங்கள்.

கை நடுக்கம் கோபத்திலிருந்து வேறு. விழுந்தவனுக்கு ஒன்றிரண்டு வாரம் அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. இதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாதம் தாண்டியும் போகாமல், தூக்கம் கெட்டு, வண்டியை எடுக்கவே முடியாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. விழுந்தபோது தலை தட்டியிருந்து, அப்புறம் வாந்தியோ விடாத தலைவலியோ மயக்கமோ இருந்தால் இந்தப் பதிலை வாசிப்பதை நிறுத்திவிட்டு இன்றைக்கே போங்கள். ஹெல்மெட் அடிபட்டிருந்தால் அது வேலை முடிந்த ஹெல்மெட், மாற்றிவிடுங்கள்.

வண்டியைப் பற்றி மறந்துவிட்டேனே. பிளாட்டுக்குப் பழகப் போவதற்கு முன்னால் பக்கத்துப் பட்டறையில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். முன் பிரேக் ஆயில்: அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். 2016 வண்டியில் யாரும் மாற்றியிருக்க வாய்ப்பே இல்லை, ஆயில் டப்பாவில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். ஆயில் டாட் 3 ரகமா டாட் 4 ரகமா என்பது மூடி மேலேயே எழுதியிருக்கும், அதையே ஊற்ற வேண்டும். விழுந்ததில் லிவர் வளைந்திருந்தால் நிமிர்த்தாதீர்கள், புதுசு போடுங்கள், நிமிர்த்தியது ஒருநாள் ஒடியும். பின் பிரேக்கை ஒரேயடியாக டைட் வைக்கச் சொல்லாதீர்கள், தொட்டதுமே லாக் ஆகும். டயரின் பட்டன், அதாவது மேலே தூக்கியிருக்கிற ரப்பர், தேய்ந்து பள்ளத்துக்குள் இருக்கிற அடையாளக் கட்டையின் மட்டத்துக்கு வந்திருந்தால் மாற்றுங்கள். இன்னொன்று: வாட்டர் வாஷ் விட்டால் பளபளப்புக்கு டீசலையோ ஆயிலையோ அடித்துவிடும் கடைகள் இருக்கின்றன. டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் முதல் பிரேக் பிடிக்காது. டிஸ்க்கிலும் டயரிலும் அடிக்காதே என்று முந்தியே சொல்லிவிடுங்கள், எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கடை வாசலிலேயே இரண்டு தடவை பிடித்துப் பாருங்கள்.

கோரிப்பாளையம் வழியை விடலாமா என்பதற்கு: ஒரு இரண்டு வாரம் விடுங்கள், தப்பில்லை. அதற்குள் பிளாட்டில் பழகி முடித்துவிடுவீர்கள். திரும்பப் போவதற்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் வண்டி இல்லாமல் தல்லாகுளத்தில், நீங்கள் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். வருகிற ஒவ்வொரு ஷேர் ஆட்டோவையும் பார்த்து, எங்கே நிற்கும், யாரை ஏற்றும் என்று மனசுக்குள் முந்தியே சொல்லிப் பாருங்கள். முதல் நாலைந்து தப்பும். டீ ஆறுவதற்குள் பாதிக்கு மேல் சரியாக வர ஆரம்பித்துவிடும்.